தவளைக்கு அருகில் எழுதப்பட்ட மக்கள்

2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கொரோனாவுக்குப் பயந்து உலகம் கதவை அடைத்துக்கொண்டிருந்த மாதங்களில், தேயிலைப் பெட்டிகளின் மூலையில் பல காலமாக இருந்துவந்த பச்சைத் தவளை ஒன்று உருமாறியது. 1987இல் டானியல் கட்ஸ் நியூயோர்க்கில் தொடங்கிய ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ் என்ற இலாப நோக்கற்ற சுற்றுச்சூழல் அமைப்பு, தன் சான்றிதழ் இலச்சினையைப் புதிதாக வரைவித்து வெளியிட்டது. லிப்டன் தொடங்கி எத்தனையோ வர்த்தகநாமங்களின் பெட்டிகளில் பதிந்த இலச்சினை அது. இலங்கையின் சப்ரகமுவவில் பறிக்கப்படும் கொழுந்தில் ஒரு பங்கும் தூளாகி அந்தத் தவளையைச் சுமந்துதான் கப்பலேறுகிறது.

மாற்றத்துக்குக் காரணம் இருந்தது. 2018 ஜனவரியில் ரெயின்பொரஸ்ட் அலையன்ஸும் நெதர்லாந்தில் இயங்கிய உட்ஸ் என்ற சான்றிதழ் அமைப்பும் ஒன்றாகின. இரண்டு விதிமுறைகள், இரண்டு இலச்சினைகள், இரண்டு வகை ஓடிட் என்று தோட்டங்களும் வாங்குவோரும் சிரமப்பட்டார்கள். 2020இல் இரண்டுக்கும் பொதுவாக ஒரு புதிய விதிமுறை எழுதப்பட்டது. அதோடு ஒரே இலச்சினையும் வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பர் முதல் அதைப் பெட்டிகளில் அச்சிடலாம் என்று அனுமதி கிடைத்தது.

தவளையை அவர்கள் கைவிடவில்லை. கோடுகளைக் குறைத்து எளிமையாக்கினார்கள். பழைய இலச்சினையில் அமைப்பின் பெயருக்குப் பக்கத்தில் 'சான்றளிக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு ஆங்கிலச் சொல் இருந்தது. அது நீங்கியது. அந்த இடத்தில் 'மக்களும் இயற்கையும்' என்ற பொருளுடைய சொற்கள் வந்து அமர்ந்தன.

இலச்சினை மாற்றம் என்றால் நிறம், எழுத்துரு, கம்பனிக்காரரின் விளம்பரச் செலவு என்று நினைத்துப் பலர் கடந்துபோவார்கள். தோட்டத்து மக்கள் இதை அப்படிக் கடந்துபோகக் கூடாது. இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் லயத்தில் பிறந்து, விடியற்காலையில் பேர் எழுதும் பிரட்டுக்கு ஓடி, மலை ஏறுகிறவர்களைத்தான் அந்தப் பெட்டி 'மக்கள்' என்கிறது. அவர்களுடைய பெயரால் ஒரு வாக்குறுதி அச்சாகி உலகெங்கும் போகிறது. வாங்குகிறவர் அதைப் படிக்கிறார். யாரைப் பற்றிய வாக்குறுதியோ அவருக்கு அதைப் படிக்க வழியில்லை என்றால், அந்த இலச்சினையின் மறுவடிவமைப்பு பாதியில்தான் நிற்கிறது. மறுபாதி பிரட்டுக்களத்தில், தமிழில் நடக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சுற்றுச்சூழல் அமைப்புகளின் இலச்சினைகள் எப்படிப் பிறந்தன, ஏன் மாறின என்று பார்த்தால் இந்தக் கோரிக்கை மிகையானதல்ல என்பது விளங்கும். உலகில் மிகப் பரிச்சயமான சுற்றுச்சூழல் இலச்சினை உலக வனவிலங்கு நிதியத்தின் பண்டா. 1958இல் லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு வந்த சி-சி என்ற பண்டாவைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. 1961இல் அமைப்பு தொடங்கியபோது, ஜெரல்ட் வாட்டர்சன் கீறிய முதற்கோடுகளை வைத்து பறவையியலாளரும் ஓவியருமான பீட்டர் ஸ்கொட் இலச்சினையை வரைந்தார். கறுப்பு வெள்ளை விலங்கு என்பதால் அச்சுச் செலவு மிச்சம் என்பதும் அப்போது சொல்லப்பட்ட ஒரு காரணம். பின்னர் 1978, 1986, 2000 என்று பண்டா மாறிக்கொண்டே வந்தது. 1986இல் மாறியது படம் மட்டுமல்ல. வனவிலங்கு என்ற சொல்லே பெயரிலிருந்து எடுக்கப்பட்டு, இயற்கைக்கான உலகளாவிய நிதியம் என்று அமைப்பு தன்னை அழைக்கத் தொடங்கியது. விலங்குகளை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை, அவை வாழும் இடத்தையும் சேர்த்தே காக்கவேண்டும் என்று அவர்கள் தெளிந்ததன் அடையாளம் அது. நேர்மையாகச் செய்யப்படும் இலச்சினை மாற்றம் அமைப்பின் மனமாற்றத்தைத் தொடர்ந்து வரும்.

மும்பாயில் இதைவிட நெருக்கமான கதை ஒன்று உண்டு. 1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அலுவலகத்தில் வில்லியம் என்ற பெரிய இருவாசி 1894 முதல் 1920 வரை வாழ்ந்தது. அலுவலகத்துக்கு வருவோர் போவோர் எல்லோருக்கும் தெரிந்த பறவை. கழகம் தன் பொன்விழாவுக்கு இலச்சினை தேடியபோது அந்தப் பறவைதான் நினைவுக்கு வந்தது. கழகத்தாரோடு கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்த ஒரு உயிர், அவர்களுடைய முத்திரையாகியது.

ரெயின்பொரஸ்ட் அலையன்ஸின் தவளை மத்திய அமெரிக்கக் காடுகளில் வாழும் செங்கண் மரத்தவளை. நீரும் காற்றும் கெட்டால் முதலில் மறைவது தவளை என்பதால், காட்டின் நலத்துக்கு அடையாளமாக அதைத் தெரிந்தெடுத்தார்கள். நியாயமான தெரிவு. ஆனால் சப்ரகமுவவில் நின்று பார்த்தால் அந்தத் தவளை அந்நியமானது. அது சொல்லும் விஷயம் மட்டும் மிக அண்மையிலானது.

2002இல் 'சயன்ஸ்' என்ற ஆய்விதழில் மாதவ மீகஸ்கும்புர, றொஹான் பெத்தியாகொட, கெலும் மனமேந்திர ஆராச்சி உள்ளிட்டோர் எழுதிய கட்டுரை, இலங்கையை ஈரூடகவாழிகளின் உலகச் சுரங்கங்களில் ஒன்றாக அடையாளம் காட்டியது. அதன்பின் பதிவான இனங்களையும் சேர்த்தால் இன்று இந்தச் சிறிய தீவில் நூறுக்கு மேற்பட்ட தவளையினங்கள் உண்டு. பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. அவற்றில் பல, இரத்தினபுரி மாவட்டத்தின் இறக்குவானை மலைத்தொடரில், சிங்கராஜவனத்தின் கிழக்கு ஓரமான மோர்னிங்சைட்டில் வாழ்கின்றன. ஒருகாலத்தில் ஏலம் பயிரிட்ட மலை அது. அதற்குக் கீழே சற்றுத் தூரத்திலேயே தேயிலை மலைகள் தொடங்கிவிடுகின்றன. செடித்தவளைகள் எனப்படும் சிறு மரத்தவளைகளில் சில இனங்கள் அந்தச் சில சதுர கிலோமீற்றருக்குள் மட்டுமே உள்ளன. இன்னொரு பக்கம், இலங்கையில் முன்னர் பதிவான ஏறத்தாழ இருபது தவளையினங்கள் அழிந்துபோனவையாகக் கணக்கிடப்பட்டிருக்கின்றன. உலகில் எந்த நாட்டுக்கும் பெருமை தராத கணக்கு.

இந்தச் செடித்தவளைகளின் பழக்கம் ஒன்று வியப்புக்குரியது. குளமோ ஓடையோ அவற்றுக்குத் தேவையில்லை. பல இனங்களில் பெண்தவளை இரவில் மரத்திலிருந்து இறங்கி, ஈரமான மண்ணில் கால்களால் சிறு குழி தோண்டி முட்டையிட்டு, மண்ணாலும் சருகாலும் மூடிவிட்டுப் போகும். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து, விரல்நகத்தைவிடச் சிறிய முழுத்தவளையாக வெளியே வரும். அந்தக் கைப்பிடி மண் காய்ந்துவிட்டாலோ, அதில் மருந்து ஊறிவிட்டாலோ தலைமுறை அங்கேயே முடிந்துவிடும். நிழல்மரம் வெட்டப்படுவதும், ஓடைக்கரை வரை புல்லுக்கு மருந்தடிப்பதும், காட்டை ஒட்டிய பற்றையைத் துப்புரவாக்குவதும் அந்த மண்ணைத்தான் தொடுகின்றன. இந்த வேலைகளைச் செய்பவர் யார்? தோட்டத் தொழிலாளி. எந்த ஓடை வற்றியது, எந்த மலையில் முன்னர் கத்தும் தவளை இப்போது கத்துவதில்லை என்பது அவருக்குத் தெரியும். முகமூடியும் கையுறையும் கொடுக்காமல் மருந்தடிக்கச் சொன்னால் அந்த மருந்து முதலில் படுவதும் அவருடைய தோலில்தான். மக்களும் இயற்கையும் என்று இலச்சினையில் சேர்த்து எழுதியவர்கள் உண்மையில் சரியாகத்தான் எழுதினார்கள். சப்ரகமுவ மலைகளில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

பிரிக்க முடியாது என்பதை 2016 மே 17ஆம் திகதி மிகக் கொடூரமாகக் காட்டியது. கேகாலை மாவட்டத்தில் அடைமழையில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிந்து தோட்டத்து லயங்களைப் புதைத்தது. அடுத்த ஆண்டு மே மாதம் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் மீண்டும் உயிர்களைக் கொண்டுபோயின. சரிவில் மரம் நிற்கிறதா, மண்ணைப் பிடித்துவைக்க வேர் இருக்கிறதா, கான் வெட்டி மழைநீர் வழிவிடப்பட்டிருக்கிறதா என்பவை சூழலியல் கேள்விகளாகவே விதிமுறையில் இடம்பெறும். லயத்து இஸ்தோப்பில் மழை இரவில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அவை உயிர்க் கேள்விகள்.

இனி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். இலங்கைத் தேயிலைப் பெட்டியில் இன்னொரு விலங்கும் உண்டு, வாளேந்திய சிங்கம். இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமான அந்த இலச்சினையைப் பயன்படுத்த, உள்ளே இருப்பது நூறு வீதம் இலங்கைத் தேயிலையாக இருக்கவேண்டும், இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டிருக்கவேண்டும், சபையின் தரத்துக்கு உட்பட்டிருக்கவேண்டும். விதி தெளிவானது. தவளையின் விதி வேறு. ஒரு பெட்டியில் குறைந்தது 30 வீதம் சான்றிதழ் பெற்ற தேயிலை இருந்தாலே, அந்த வீதத்தைக் குறிப்பிட்டு, தவளையைப் போட நீண்டகாலம் அனுமதி இருந்தது. பெரிய நிறுவனங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுப்பதற்கான வழி என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. ஆரம்பத்தில் அதில் அர்த்தம் இருந்திருக்கலாம். யூனிலீவர் 2007இல் கென்யாவின் கெரிச்சோ தோட்டத்தில் முதற் சான்றிதழைப் பெற்று, 2015க்குள் லிப்டன் பைத்தேயிலை முழுவதும் சான்றிதழ் பெற்ற தோட்டங்களிலிருந்தே வரும் என்று உறுதியளித்தது. அந்த உறுதிமொழிதான் இலங்கைத் தோட்டங்கள் உட்பட ஆசிய, ஆபிரிக்கத் தோட்டங்களைச் சான்றிதழின் பக்கம் தள்ளியது. ஆனால் முன்பக்கத்தில் தவளையும், பொடி எழுத்தில் வீதமும் என்ற ஏற்பாடு வாங்குகிறவருக்கும் நியாயம் செய்யவில்லை, முழுத்தோட்டத்தையும் விதிப்படி நடத்திய தோட்டத்துக்கும் நியாயம் செய்யவில்லை. சிங்கத்திடமிருந்து தவளை கற்றுக்கொள்ளவேண்டியது இங்கே இருக்கிறது.

மக்கள் என்ற சொல்லுக்கு வந்தால் நிலைமை இன்னும் சங்கடமானது. 2015இல் பீபீசி அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடத்திய விசாரணையில், தவளைச் சான்றிதழ் பெற்ற தோட்டங்களிலேயே பழுதடைந்த வீடுகள், வழிந்தோடும் கழிப்பறைகள், பாதுகாப்பில்லாத மருந்தடிப்பு ஆகியவை வெளிவந்தன. 2018இல் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தின் ஜெனவீவ் லெபரோன் தலைமையில் அசாமிலும் கேரளத்திலும் நடந்த ஆய்வு, சான்றிதழ் உள்ள தோட்டத்துக்கும் இல்லாத தோட்டத்துக்கும் தொழிலாளர் நிலையில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை என்றது. ஓடிட் வரும் நாளில் மட்டும் நடைமுறைகள் மாற்றப்பட்டதாகத் தொழிலாளர்கள் சொன்னதையும் அது பதிவு செய்தது. 2023 மே மாதம் இங்கிலாந்தின் 'கார்டியன்' பத்திரிகை இலங்கைக்கு வந்தது. சான்றிதழ் பெற்ற தோட்டங்களின் தொழிலாளர்கள் பசியோடும் மோசமான குடியிருப்புகளிலும் வாழ்வதைப் பற்றி அது எழுதியபின், டெட்லியும் லிப்டனும் விசாரிப்பதாக அறிவித்தன. இலங்கையில் மலையகத் தமிழரின் வருகைக்கு இருநூறாண்டு நிறைவு நினைவுகூரப்பட்ட ஆண்டு அது. அதையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த மக்கள் பேசியதும் இதே வீட்டையும் காணியையும் சம்பளத்தையும்தான்.

சம்பளக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். நாட்சம்பளம் 1000 ரூபா வேண்டும் என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. 2016இல் 730 ரூபா கிடைத்தது. 2019இல் 750 ரூபா. ஆயிரம் வர 2021 மார்ச் வரை ஆனது. அதுவும் சம்பள நிர்ணய சபை வழியாகத்தான் வந்தது. 2024 மே தினத்தில் 1700 ரூபா என்று அரசு அறிவித்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. அந்த ஆண்டு செப்டெம்பரில் அடிப்படை 1350 ரூபா என்று முடிந்தது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 2021க்குப் பிறகு கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையிலான கூட்டொப்பந்தம் முறிந்துபோனது. சம்பளத்தை அரசு நிர்ணயிக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, எடை குறைந்தால் அரைப்பேரா முழுப்பேரா, கொழுந்து நிறுக்கும்போது எவ்வளவு கழிப்பது என்ற அன்றாட வழக்குகளுக்கு முன்னர் இருந்த பொது மேசை இல்லாமற் போனது. எனவே சான்றிதழின் விதிமுறை இன்று தோட்டத்தில் முன்னெப்போதையும்விட அதிகம் பேசவேண்டிய ஒன்றாகியிருக்கிறது.

அந்த விதிமுறையில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன என்பதை மறைப்பது நேர்மையாகாது. 2014 ஜனவரி 1க்குப் பிறகு இயற்கைக் காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்துக்குச் சான்றிதழ் இல்லை. தோட்டம் தன் தொழிலாளிக்குக் கிடைக்கும் மொத்த வருமானத்தைக் கண்ணியமாக வாழத் தேவையான சம்பளத்தோடு ஒப்பிட்டு, இடைவெளி எவ்வளவு என்று கணக்கிடவேண்டும். முறைப்பாடுகளை விசாரிக்க ஒரு குழு இருக்கவேண்டும். முறைப்பாட்டு வழி உள்ளூர் மொழியில் இருக்கவேண்டும், எழுத வாசிக்கத் தெரியாதவரும் அணுகக்கூடியதாக இருக்கவேண்டும். சிறுவர் உழைப்பு, கட்டாய உழைப்பு, பாகுபாடு, வேலைத்தலத்து வன்முறை ஆகியவற்றைக் கண்டால் மறைக்காமல் பதிவுசெய்து தீர்க்கும் பொறுப்பும் உண்டு. தாளில் இவ்வளவும் இருக்கிறது.

இவற்றில் எத்தனை, தெரணியகலைத் தோட்டத்தில் படங்கு கட்டிக் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணின் காதுக்கு வந்திருக்கும்? சப்ரகமுவவின் நிலைமை நுவரெலியாவைப் போன்றதல்ல. அங்கே தமிழ் மக்கள் திரளாக இருக்கிறார்கள். வாக்கு இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. அரச அலுவலகத்தில் ஒரு தமிழ்ப் படிவம் கேட்டுப் பெறுவதே பலருக்குப் போராட்டம். றப்பர் தோட்டங்களில் இது இன்னும் கடினம். இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போகிறவர்கள் மரத்துக்கு மரம் தனியாக நடக்கிறார்கள். ஒன்றுகூடிப் பேசும் நேரமே குறைவு. அங்கே தவளைக்குப் பதிலாக 1993இல் தொடங்கிய எப்.எஸ்.சி. அமைப்பின் மர இலச்சினையைச் சில இடங்களில் காணலாம். கேள்வி அதற்கும் பொருந்தும்.

எனவே இலச்சினையின் மறுபாதியை எங்கே வரைவது என்று கேட்டால், பதில் தூரத்தில் இல்லை. ஒவ்வொரு சான்றிதழ்த் தோட்டத்திலும் காலையில் பேர் எழுதும் பிரட்டுக்களத்தில் ஒரு பெரிய பலகை. மேலே அந்தத் தவளை. அதன் கீழே தமிழிலும் சிங்களத்திலும், சான்றிதழ் எந்தத் திகதி வரை செல்லும், கடைசி ஓடிட்டில் என்னென்ன குறைகள் எழுதப்பட்டன, எந்தத் திகதிக்குள் அவை சரிசெய்யப்படவேண்டும், முறைப்பாட்டுக் குழுவில் இருப்பவர்கள் யார், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பவை பெரிய எழுத்தில். வாழத் தேவையான சம்பளத்துக்கும் கையில் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளி என்று தோட்டம் கணக்கிட்ட தொகையும் அங்கே இருக்கவேண்டும். யாருடைய வயிற்றைப் பற்றிய கணக்கோ, அவர் அந்த எண்ணைப் பார்க்காமல் இருப்பது முறையல்ல. படிக்கத் தெரியாதவர்களுக்காக மாதம் ஒருமுறை பிரட்டில் அதை வாசித்துச் சொல்லலாம். பிள்ளைக்காம்பராவின் வாசலிலும் ஒன்று மாட்டலாம். பிள்ளையை விடவும் எடுக்கவும் வரும் தாய்மார் நின்று பார்க்கும் இடம் அது.

ஓடிட்டும் மாறவேண்டும். முன்கூட்டியே திகதி சொல்லி வரும் ஓடிட்டுக்கு லயத்துக் கான் சுத்தமாகும், மருந்தடிப்பவருக்குப் புதுச் சப்பாத்து வரும், கழிப்பறைக்கு வெள்ளையடிக்கப்படும். துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் பக்கத்தில் நிறுத்திவைத்து ஒரு பெண்ணிடம் குறை உண்டா என்று கேட்டால் அவள் இல்லை என்றுதான் சொல்வாள். சொல்லாமல் வரும் நாட்கள் அதிகமாக வேண்டும். தமிழ் பேசும் பெண்கள் ஓடிட் குழுவில் இருக்கவேண்டும். பேச்சு லயத்தில், மாலையில், மேற்பார்வையாளர் இல்லாமல் நடக்கவேண்டும்.

கம்பனிகளின் மறுப்பு ஒன்றைக் காதுகொடுத்துக் கேட்டாகவேண்டும். ஓடிட் கட்டணம், பதிவேடுகள், கழிவுநீர் வசதி, பாதுகாப்பு உடை எல்லாவற்றுக்கும் செலவு தோட்டத்தின் தலையில் விழுகிறது. கொழும்பு ஏலத்தில் தவளைக்கென்று ஒரு உறுதியான கூடுதல் விலை கிடைப்பதில்லை. இது பொய்யல்ல. புதிய விதிமுறை, சந்தை விலைக்கு மேலாக ஒரு நிலைபேற்றுத் தொகையை வாங்குவோர் கட்டாயம் தரவேண்டும் என்கிறது. ஆனால் கொக்கோவுக்கு மட்டுமே தொன்னுக்குக் குறைந்தது 70 டொலர் என்று எல்லை வகுத்திருக்கிறது. தேயிலைக்கு அப்படி எல்லை இல்லை, பேசித் தீர்த்துக்கொள்ள விடப்பட்டிருக்கிறது. பேரம் பேசும் மேசையில் பெரிய வாங்குவோரோடு ஒரு பலாங்கொடைத் தோட்டம் சமமாக உட்கார முடியாது. இரத்தினபுரி மாவட்டமெங்கும் அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் தேயிலை வைத்திருக்கும் சிறுதோட்ட உரிமையாளருக்கு அது அறவே முடியாது. இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கு இன்று அவர்களுடைய கொழுந்துதான். ஆகையால் தேயிலைக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை வேண்டும் என்று கம்பனிகளும் சிறுதோட்டக்காரரும் தொழிற்சங்கங்களும் சேர்ந்தே கேட்கலாம். அந்தத் தொகையில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதும் அதே பிரட்டுக்களத்துப் பலகையில் எழுதப்படவேண்டும்.

மேலிருந்து திணிக்கப்படும் பச்சை என்ன செய்யும் என்பதை இந்த மலைகள் அண்மையில் அனுபவித்தன. 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. இயற்கை விவசாய நாடு என்று உலகுக்குச் சொல்லப்பட்டது. தேயிலைச் செடி வெளிறியது, கொழுந்து குறைந்தது, கிலோ எடுக்க முடியாமல் பேர் குறைந்தது. நவம்பருக்குள் முடிவு கைவிடப்பட்டது. மலையில் நிற்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

ஐரோப்பாவில் இப்போது காற்று மாறுகிறது. 2024 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற ஒரு நெறிமுறை 2026 செப்டெம்பர் 27 முதல் நடைமுறைக்கு வரவேண்டும். சுயாதீனமான சான்றிதழ் முறையோ அரச ஏற்போ இல்லாத சுற்றுச்சூழல் இலச்சினைகளைப் பொருட்களில் போடுவதை அது தடுக்கிறது. தானாக வரைந்துகொண்ட இலைகளும் மரங்களும் பூமிப்பந்துகளும் ஐரோப்பியக் கடைகளின் பெட்டிகளிலிருந்து உதிரும். தவளை போன்ற, விதிமுறையும் ஓடிட்டும் உள்ள இலச்சினைகளின் மதிப்பு அங்கே கூடும். அவற்றின் மீதான பார்வையும் கூர்மையாகும். தோட்டங்களுக்கு இது பேரம் பேசக் கிடைத்த நல்ல தருணம். தொழிலாளருக்கும் அப்படியே. இலச்சினை பொய்த்துப்போவதை இனி எந்த வாங்குவோரும் இலகுவாகத் தாங்கமாட்டார்.

இலங்கைத் தேயிலைக்கு ஏழு பிராந்திய அடையாளங்கள் உண்டு. நுவரெலியா, திம்புள்ளை, ஊவா, உடப்புசல்லாவை, கண்டி, ருகுணை ஆகியவற்றோடு ஏழாவதாக நிற்கிறது சப்ரகமுவ. தனக்கென ஒரு பெயரும் முத்திரையும் கொண்ட இந்த மண்ணின் தோட்டங்கள், தவளையின் தமிழ்ப் பலகையை முதலில் மாட்டியவை என்ற பெயரையும் எடுக்கலாம். பெரிய செலவு எதுவும் இல்லை. இறக்குவானை மலையின் செடித்தவளை ஒன்றையே அந்தப் பலகையின் ஓரத்தில் தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகளை வரையச் சொன்னால் இன்னும் நல்லது. தங்கள் மலையில் வேறெங்கும் இல்லாத உயிர்கள் இருக்கின்றன என்பது அவர்களுக்கும் தெரியவரும்.

சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு சுற்று. இடையில் ஆண்டுதோறும் ஓடிட். அடுத்த ஓடிட் எப்போது என்பதைத் தோட்டத் தலைவர்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கலாம். கடந்த ஓடிட்டின் சுருக்கத்தைத் தமிழில் தரும்படி அதே கடிதத்தில் கேட்கலாம். அதன் பிரதி ஒன்றை ரெயின்பொரஸ்ட் அலையன்ஸுக்கும், தோட்டத்துத் தேயிலையை வாங்கும் நிறுவனத்துக்கும் அனுப்பலாம். பெட்டியில் தங்களைக் குறிப்பிட்டு எழுதியிருப்பவர்களிடம் அதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு.